வால் வெட்டினால் கைரோவைத் தொடாதீர்கள்: ஆர்.சி. ஹெலிகாப்டர் லித்தியம் பேக்கின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கட்டியானால்தான் எங்களுக்கு ஹெலிகாப்டர் சீசன். ஆனி, ஆடிச் சாரல் தொடங்கும்வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் எல்லாம் வயலில்தான். ஒவ்வொரு வருடமும் முதல் ஞாயிறு ஒரே கதை. பெட்டியைத் திறந்தால் ஒருவருடைய பேட்டரி பேக் வீங்கியிருக்கும், இன்னொருவருடைய ஹெலி வாலை ஆட்டும், மூன்றாமவருடைய சார்ஜர் ‘பீப் பீப்’ என்று கத்தும். உடனே கைரோ (வாலை ஆடாமல் பிடிக்கும் கருவி), மோட்டார், சார்ஜர் என்று புதிதாக வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி பேக்தான். அந்தப் பேக்கும் ஆகாயத்தில் கெடவில்லை, வீட்டு அலமாரியில் கெட்டது.

கையில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். பேலன்ஸ் பிளக்கில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகத் தொடும் சின்ன வெள்ளைப் பிளக்) செருகிப் பார்க்கும் சின்ன செல் செக்கர் வேண்டும். சார்ஜர் உள்தடையை (செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) காட்டுமானால் இன்னும் நல்லது.

சில எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும். சாதாரண லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்று முழுதாக ஏறினால் 4.20 வோல்ட். பெயரளவில் 3.7. சும்மா வைத்திருக்க 3.80 முதல் 3.85 வரை. பறந்து இறங்கிச் சற்று ஓய்ந்தபின் 3.75 பக்கம் நின்றால் திருப்தி. 3.0-க்குக் கீழே எந்த நிலையிலும் இறங்கக் கூடாது. 3 எஸ் பேக் என்றால் மூன்று செல், முழு சார்ஜில் 12.6 வோல்ட். 6 எஸ் என்றால் 25.2. ‘ஹெச்.வி.’ என்று அச்சிட்ட பேக் 4.35 வரை ஏறும், லித்தியம் ஃபெர்ரோ செல் 3.6-லேயே நிறைந்துவிடும். சார்ஜரில் வகையை மாற்றிப் போட்டால் அங்கேயே கதை முடிந்தது.

இன்னொன்று. போன் பேட்டரிக்குள் ஒரு காவல்காரச் சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. அளவு மீறினால் அதுவே துண்டித்துவிடும். நம் பேக்கில் அது கிடையாது. ஒரு அலுமினிய உறை, அதற்குள் செல், அவ்வளவுதான். காவல் நாம்தான் இருக்க வேண்டும்.

“பேக் வீங்கியிருக்கு”

பொரித்த பப்படம்போல உப்பியிருக்கும். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாக மாறியிருக்கிறது. அளவுக்கு மீறி ஏற்றினாலும், 3.0-க்குக் கீழே இறக்கினாலும், தாங்காத ஆம்ப்ஸ் இழுத்தாலும் இது நடக்கும். ஆனால் நம் ஊரில் நான் அதிகம் பார்த்த காரணம் வேறு: முழு சார்ஜில், வெக்கையில், சும்மா கிடந்தது.

நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சனிக்கிழமை ராத்திரி ஆசையாக நாலு பேக்கையும் முழுதாக ஏற்றி வைக்கிறோம். ஞாயிறு காலை மழை. அடுத்த ஞாயிறும் மழை. பேக் 4.20-லேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஆடி மாதம் நானே மூன்று பேக்கை இப்படி ஏற்றி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, மார்த்தாண்டத்தில் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். திரும்பி வந்து இரண்டு வாரம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தபோது இரண்டு பேக் தலையணையாகியிருந்தன. மூன்றாவது தப்பியதற்கு ஒரே காரணம், கிளம்பும் முன் சர்வோ (பிளேடுகளைத் திருப்பும் சின்ன மோட்டார்) சரிபார்க்க அதைக் கொஞ்சம் ஓட்டிப் பாதி இறக்கியிருந்தேன்.

எவ்வளவு வீக்கம் என்று பார்க்க, பேக்கைக் கண்ணாடி மேஜையில் தட்டையான பக்கம் படும்படி வையுங்கள். ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். அசையாமல் இருந்தால் சரி. தொட்டில்போல ஆடினால் வீக்கம் உறுதி. பறந்து வந்த சூட்டில் லேசாக மெத்தென்று இருந்து, ஆறியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டால் கண்காணிப்போடு இன்னும் சில காலம் ஓட்டலாம். ஆறிய பிறகும் தவில்போல விறைப்பாக இருந்தால் ஓய்வு கொடுங்கள். நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பான வாசனை வந்தால் உறை கிழிந்திருக்கிறது, உடனே வீட்டுக்கு வெளியே கொண்டு போங்கள்.

ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டு டேப் ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, செல்லுக்குள் அது போய்ச் சேரக் கூடாத பொருள். ஊசி தகடுகளை உரசினால் அங்கேயே ஷார்ட்.

இனி வீங்காமல் இருக்க, இரண்டு மூன்று நாளுக்குள் பறக்கப் போவதில்லை என்றால் சார்ஜரில் ‘ஸ்டோரேஜ்’ போட்டு 3.85-க்கு இறக்கிவிடுங்கள். மச்சிலும் பைக் டிக்கியிலும் வைக்க வேண்டாம். வீட்டில் எந்த அறையின் தரை வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கிறதோ அங்கே வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம். வெளியே எடுத்ததும் வேர்த்துக் கொட்டும், வீட்டில் அம்மாவிடம் பதிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

“பிட்ச் ஏத்துனா வால் ஒரு பக்கமா வெட்டுது”

“அண்ணே, கைரோ போயிட்டுண்ணே. புதுசு வாங்கணும்” என்று தக்கலையிலிருந்து ஒரு தம்பி வந்தான். பழைய 450 வகை ஹெலி. ஹோவரில், அதாவது ஒரே இடத்தில் மிதக்கும்போது, நன்றாக நிற்கிறது, திடீரென்று மேலே ஏற்றினால் மூக்கு சட்டென்று ஒரு பக்கம் திரும்புகிறது.

“எத்தனாவது நிமிஷத்துல மக்கா?”

“மூணு நிமிஷம் ஆனதும்ணே. முதல்ல ஒண்ணுமில்ல.”

பாதி வைத்தியம் அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. கைரோ கெட்டிருந்தால், பெல்ட் தளர்ந்திருந்தால், வால் ஸ்லைடர் இறுகியிருந்தால், அது முதல் விநாடியிலிருந்தே தெரியும். நேரம் ஆக ஆக வருவது பேக்கின் வியாதி.

நடப்பது இதுதான். பெரிய பிளேடு சுற்றும்போது உடம்பை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கிறது. அதை வால் பிளேடு பிடித்து நிறுத்துகிறது. இந்த வகை ஹெலியில் வாலும் அதே மோட்டாரிலிருந்து பெல்ட் வழியாகத்தான் சுற்றுகிறது. பிட்ச்சை (பிளேடின் சாய்வு) ஏற்றியதும் மோட்டார் அதிக ஆம்ப்ஸ் கேட்கிறது, பலவீனமான செல்லில் வோல்ட் சரிகிறது, வேகம் குறைகிறது. வால் பிளேடின் தள்ளுவிசை சுற்றும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் 10 சதவீதம் குறைந்தால் அதே பிட்ச்சில் தள்ளுவிசை 19 சதவீதம் போய்விடும். கைரோ பாவம், வாலைக் கடைசி வரை தள்ளிப் பார்க்கிறது, அதற்கு மேல் இடமில்லை. நாம் கைரோவைத் திட்டுகிறோம்.

என் பேக்கை அவன் ஹெலியில் மாட்டினோம். ஐந்து நிமிடமும் வால் ஆணி அடித்ததுபோல நின்றது. அப்புறம் அவனுடைய பேக்கைச் சார்ஜரில் போட்டு உள்தடை பார்த்தோம். முதல் செல் 6 மில்லி ஓம், இரண்டாவது 7, மூன்றாவது 19. கணக்குப் போடுங்கள்: 40 ஆம்ப்ஸ் இழுக்கும்போது முதல் செல்லில் சரிவது 0.24 வோல்ட், மூன்றாவதில் 0.76. செல்லில் அப்போது 3.7 இருந்தது என்றால் பளு ஏறும்போது அது 2.94-க்கு விழுகிறது. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 35 சி. 2200 எம்.ஏ.ஹெச்., அதாவது 2.2 ஆம்பியர்-மணி பேக்குக்கு 35 சி என்றால் அதன் 35 மடங்கு, 77 ஆம்ப்ஸ் தரவேண்டும். ஸ்டிக்கருக்கு என்ன, அச்சடித்தால் முடிந்தது. சி எண்ணை நான் நம்புவதில்லை, மில்லி ஓமைத்தான் நம்புகிறேன். பேக் புதிதாக வந்த அன்றே அளந்து அதன் மேலேயே எழுதி வையுங்கள். அது இரண்டு மடங்காகும்போது பேக் கிழடாகிவிட்டது. அளக்கும்போது எப்போதும் ஒரே அளவு சார்ஜில், ஒரே மாதிரி வெப்பத்தில் அளக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பிட முடியாது.

நல்ல பேக்கிலும் கடைசி நிமிடத்தில் இது வருகிறதா? ஈ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) கவர்னர் (வேகத்தை ஒரே அளவில் பிடிக்கும் அமைப்பு) போட்டிருந்தால் த்ராட்டில் அளவைப் பாருங்கள். 95 சதவீதத்தில் வைத்திருந்தால் பேக் இறங்க இறங்க ஈடுகட்ட அதற்கு இடமே இல்லை. 80 பக்கம் கொண்டு வாருங்கள். வேகம் போதவில்லை என்றால் பினியன் (மோட்டாரின் சின்னப் பல்சக்கரம்) பல்லை மாற்ற வேண்டும், த்ராட்டிலை அல்ல.

“முன்னே மாதிரி நேரம் நிக்கல்ல”

இதற்கு ஊகம் வேண்டாம். சார்ஜரே சொல்லும். பறந்து இறங்கியபின் சார்ஜ் போட்டு, முடிவில் எத்தனை எம்.ஏ.ஹெச். ஏறியது என்று பாருங்கள். 2200 பேக், 5 நிமிடம் பறந்தது, 1900 ஏறியது என்றால் நிமிடத்துக்கு 380. பேக்கில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, அதாவது 1760. அதை 380-ஆல் வகுத்தால் 4.63 நிமிடம். டைமரை 4 நிமிடம் 35 விநாடிக்கு வையுங்கள். இவ்வளவுதான் விஷயம்.

அதே பறப்புக்கு அதே அளவுதான் ஏறுகிறது, ஆனாலும் முன்பைவிடச் சீக்கிரம் சோர்கிறது என்றால் உள்தடை ஏறிவிட்டது. முந்தின பத்தியில் சொன்ன கதை. நிமிடக் கணக்கே கூடிவிட்டது, பழைய பறப்புக்கே இப்போது அதிகம் ஏறுகிறது என்றால் பேக்கைக் குறை சொல்லாதீர்கள். எங்கோ இறுக்கம்: பேரிங் வறண்டிருக்கும், கியர் மெஷ் நெருங்கியிருக்கும். காற்றையும் மறக்க வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தப் பக்கம் பறக்கப் போய்விட்டு, சுசீந்திரத்தில் நின்ற நேரம் இங்கே நிற்கவில்லை என்று புலம்பக் கூடாது.

“ஆகாயத்துல மோட்டார் நின்னுட்டு”

விழுந்ததைப் பொறுக்குவதற்கு முன் ஒரு கேள்வி: மோட்டார் நின்றபின் சர்வோ கேட்டதா?

கேட்டது என்றால், ஈ.எஸ்.சி. வோல்ட் குறைந்துவிட்டது என்று மோட்டாரை மட்டும் துண்டித்திருக்கிறது. விமானத்துக்கான அமைப்பு அது. விமானம் மிதந்து இறங்கிவிடும், ஹெலியில் ஆட்டோ ரொட்டேஷன் (மோட்டார் இல்லாமல் பிளேடின் சுழற்சியிலேயே இறக்குவது) பழகாதவருக்கு அது பாறாங்கல். அமைப்பில் ‘ஹார்டு கட்’ இருந்தால் ‘சாஃப்ட் கட்’ ஆக்குங்கள். அப்போது மெல்ல மெல்லச் சக்தி குறையும், இறக்க அவகாசம் கிடைக்கும். அதற்கும் முன்னால் டைமர் அடித்திருக்க வேண்டும். துண்டிப்பு வரை பறப்பது பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றபின் பங்க் தேடுவது மாதிரி.

சர்வோவும் செத்தது, ரிசீவர் விளக்கு அணைந்து மின்னியது என்றால் பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) தடுமாறியிருக்கிறது, அல்லது மெயின் பிளக் ஒரு கணம் விட்டுப்போயிருக்கிறது. பிளக்கின் சோல்டரைப் பாருங்கள். சாம்பல் நிறமாக, மணல்மணலாக இருந்தால் வறண்ட சோல்டர். மறுபடி காய்ச்சி ஊற்றுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஒயர்தான். பேக் பக்கத்து ஒயர் இரண்டையும் ஒன்றாக உரித்து வைத்துக்கொண்டு சோல்டர் போட உட்கார்ந்தவர் ஒருவரின் மேஜையில் இன்னும் கறுப்புத் தழும்பு இருக்கிறது.

“சார்ஜர் பேக்கை ஏத்துக்கல்ல, செல் எண்ணிக்கை தப்புன்னு சொல்லுது”

கொளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உப்புக்காற்று பேலன்ஸ் பிளக்கைத் தின்றுவிடும். அந்த வெள்ளைப் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். தகரம் பளிச்சென்று தெரிய வேண்டும். பச்சையாகவோ, வெள்ளைப் பொடியாகவோ இருந்தால் அதுதான் காரணம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, ஈர்க்குச்சி நுனியில் மெல்லிய துணி சுற்றித் துடையுங்கள். ஊசி, பின் எதுவும் வேண்டாம், பக்கத்துப் பின்னில் பட்டால் பொறி பறக்கும்.

சுத்தமாக இருந்தும் பிழை வருகிறதா? மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். 3 எஸ் பேக்கில் பேலன்ஸ் ஒயர் நான்கு. கறுப்பு ஒயரும் அடுத்ததும் முதல் செல், இரண்டாவதும் மூன்றாவதும் இரண்டாவது செல், இப்படியே. ஒவ்வொன்றும் 3.7, 3.8 என்று காட்ட வேண்டும். ஒரு செல் மட்டும் பூஜ்யமோ 1 வோல்ட்டோ காட்டி, மற்றவை சரியாக இருந்தால் அந்தச் செல் போய்விட்டது. பக்கத்துப் பக்கத்து இரண்டு செல்கள் ஒரே நேரத்தில் தாறுமாறாகக் காட்டி, முதல் ஒயருக்கும் கடைசி ஒயருக்கும் இடையே மொத்தம் மட்டும் ஒழுங்காக 11 சொச்சம் காட்டினால் செல்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் பொதுவான நடு ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. பிளக்கைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தால் வருவது. புதுப் பிளக் வாங்கி ஒவ்வொரு ஒயராக மாற்றலாம், பேக் பிழைத்துவிடும். இதைத் தெரியாமல் எத்தனை நல்ல பேக்குகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஒன்று என்னுடையது.

சார்ஜரை ஏமாற்றுகிறேன் என்று பேலன்ஸ் பிளக் மாட்டாமல் ஏற்றுவதும், நிக்கல் பேட்டரி முறையில் போட்டு ஏற்றுவதும் கூடவே கூடாது. நிக்கல் முறையில் சார்ஜர் வோல்ட் லேசாகச் சரியும் கணத்துக்காகக் காத்திருக்கும். லித்தியத்தில் அந்தக் கணம் வராது. அது ஏற்றிக்கொண்டே போகும்.

“ஒரு செல் மட்டும் பின்னாலேயே நிக்குது”

பறந்து வந்ததும் செல்களுக்குள் 0.02, 0.03 வித்தியாசம் இருந்தால் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 0.1 தாண்டினால் கவனியுங்கள். முழுதாகப் பேலன்ஸ் செய்து, 3.85-க்கு இறக்கி, ஒவ்வொரு செல்லின் எண்ணையும் எழுதி ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். மற்றவை அப்படியே இருக்க, ஒன்று மட்டும் தானாக இறங்கியிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. அதைச் சார்ஜர் சரிசெய்யாது. ஒரு வாரத்தில் எல்லாம் ஒட்டி நின்று, பறக்கும்போது மட்டும் ஒன்று பின்தங்கினால் உள்தடைப் பிரச்சினை. மென்மையாகப் பறக்கும் சின்ன ஹெலிக்கோ, டிரான்ஸ்மிட்டருக்கோ அதை ஒதுக்கலாம்.

சின்னச் சின்னது

சார்ஜ் ஏற மணிக்கணக்காகிறதா? சார்ஜரின் வாட்ஸைப் பாருங்கள். 6 எஸ் 5000 பேக்கை 1 சி-யில், அதாவது 5 ஆம்ப்ஸில் ஏற்ற 126 வாட்ஸ் வரை வேண்டும். 50 வாட்ஸ் சார்ஜரில் நீங்கள் 5 என்று அழுத்தினாலும் அது 2 ஆம்ப்ஸ்தான் கொடுக்கும். கடைசியில் மட்டும் இழுத்தடித்தால் பேலன்ஸ் ஆகிறது, பொறுத்திருங்கள்.

கரன்ட் போய் வந்ததும் பல சார்ஜர்கள் விட்ட இடத்திலிருந்து தொடராது. ஏறிவிட்டது என்று நம்பி எடுத்துப் போகாமல் செக்கரில் பாருங்கள். கரன்ட் இல்லாத சார்ஜரிலேயே பேக்கை ராத்திரி முழுக்க விட்டுவிடவும் வேண்டாம்.

மாட்டும்போது ‘டப்’ என்று பொறி வந்தால் பயப்பட வேண்டாம், ஈ.எஸ்.சி.யின் கப்பாசிட்டர் நிறைகிறது. 6 எஸ்-க்கு மேல் அது பிளக்கையே அரித்துவிடும் என்பதால் ஆன்டி ஸ்பார்க் பிளக் போடுங்கள்.

இறங்கியதும் பேக்கைக் கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் அதற்குத் தாங்காத வேலை கொடுக்கிறீர்கள். உடனே சார்ஜில் மாட்டாதீர்கள். நிழலில் வைத்து, உடம்புச் சூட்டுக்கு வந்தபிறகு மாட்டுங்கள். சொத்தவிளைக் கடற்கரை மணலில் மத்தியான வெயிலில் ஆற வைத்தால் ஆறாது, வேகும்.

“பிளக்கைக் கழற்ற மறந்துட்டேன், இப்போ பூஜ்யமா இருக்கு”

எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும். ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து, செல் 2.7, 2.8 என்று நின்றால் வெட்டவெளியில், கண் முன்னால், மிகக் குறைந்த ஆம்ப்ஸில் ஏற்றிப் பார்க்கலாம். 2200 பேக்குக்கு 0.1 ஆம்ப்ஸ் போதும். 3.3 தாண்டும்வரை பக்கத்திலேயே இருங்கள். சூடானாலோ உப்பினாலோ நிறுத்திவிடுங்கள். இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்து, 1 வோல்ட் பக்கம் இருந்தால் முயற்சியே வேண்டாம். உள்ளே செம்புத் தகடு கரைந்து, அடுத்த சார்ஜில் அது ஷார்ட் ஆகும் வழியைத் தேடும்.

“புகை வருது”

முதலில் சுவிட்ச். பிறகு ஆட்கள், கடைசியில்தான் பேக். புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும், மூச்சில் போகக் கூடாது. சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். சார்ஜ் போடும்போது பேக் எப்போதும் சிமென்ட் தரையில், ஒரு மண்சட்டிக்குள் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். கடற்கரையில் அள்ளிய ஈர மணல் வேண்டாம், ஆற்று மணலைக் காய வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மணல் தீ பரவாமல் பிடிக்கும், சூட்டைத் தணிக்காது. மின்சாரம் துண்டித்தது உறுதியானால் தண்ணீர் நிறைய ஊற்றலாம், அதுதான் குளிர்விக்கும். அணைந்த பேக்கும் மறுபடி பற்றும், அன்று முழுக்க முற்றத்திலேயே கிடக்கட்டும்.

ஓய்வு கொடுத்த பேக்கை என்ன செய்வது?

உப்புத் தண்ணீரில் போடுவார்கள். பல நேரம் ஒயர் முனை அரித்துப் போய், செல்லுக்குள் சார்ஜ் அப்படியே நிற்கும். டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பு ஒன்று போதும். 3 எஸ்-க்கு ஒரு பல்பு, 6 எஸ்-க்குத் தொடராக இரண்டு. மண்சட்டிக்குள் பேக்கை வைத்து, ஹோல்டரில் ஒயர் கொடுத்து வெளியில் எரியவிடுங்கள். பாதி சார்ஜில் இருக்கும் 2200 பேக் முக்கால் மணி நேரத்தில் மங்கத் தொடங்கும். சிவந்து, அணைந்தபிறகும் ஒரு நாள் அப்படியே மாட்டி விடுங்கள். அடுத்த நாள் மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டி, முனையில் டேப் சுற்றி, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். பிளக்கை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பேக்குக்கு ஆகும்.